மல்யுத்த வீரர்கள் கம்பெனி மாறுவது எப்படி?

ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துவிடுகிறார்கள். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, பார்க்கிறவர்களுக்கும் தெரியும். ஆனால் நேற்றுவரை ஒரு கம்பெனியின் முகமாக இருந்தவர் இன்று எதிர்க் கம்பெனியின் மேடையில் வந்து நிற்கிறாரே, அது வெறும் கதை இல்லை. அதற்குப் பின்னால் ஒப்பந்தப் பத்திரமும் வக்கீல்களும் காலண்டர் தேதிகளும் இருக்கின்றன. ரிங்குக்குள் நடப்பதைவிட இந்தக் காகிதச் சண்டையில்தான் நிஜமான வெற்றி தோல்வி இருக்கிறது என்பது என் கட்சி.

ரெஸ்லிங் செய்திகளைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக முதலில் கம்பெனிகளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். அமெரிக்காவில் இன்றைக்குப் பெரிய கம்பெனி டபிள்யூடபிள்யூஇ. 2002 வரை டபிள்யூடபிள்யூஎஃப் என்ற பெயரில் இருந்ததும் இதேதான். 1990களில் அதை உலுக்கி எடுத்த போட்டியாளர், டிவி முதலாளி டெட் டர்னரின் டபிள்யூசிடபிள்யூ. திங்கள் இரவானால் ஒரு சேனலில் டபிள்யூடபிள்யூஎஃப்பின் 'ரா', இன்னொரு சேனலில் டபிள்யூசிடபிள்யூவின் 'நைட்ரோ' என்று இரண்டும் நேருக்கு நேர் மோதின. ஓரமாக இசிடபிள்யூ என்று ஒரு சின்னக் கம்பெனி. காசு குறைவு, ரத்தம் அதிகம். 2001-ல் டபிள்யூசிடபிள்யூவை டபிள்யூடபிள்யூஎஃப்பே வாங்கி, கடையை மூடிவிட்டது. 2019-ல் டோனி கான் தொடங்கிய ஏஇடபிள்யூதான் அதற்கப்புறம் பெரும் பணத்தோடு வந்த போட்டி. ஜப்பானில் நியூ ஜப்பான் தனி ராஜ்ஜியம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கால்பந்தில் ஒரு வீரரை இன்னொரு கிளப் வேண்டுமென்றால், இருக்கும் கிளப்புக்குப் பணம் கொடுத்து வாங்குகிறது. எல்லாரையும் கட்டுப்படுத்த ஒரு பொது அமைப்பு இருக்கிறது, மாறுவதற்கென்று சீசன் இருக்கிறது. ரெஸ்லிங்கில் இது எதுவுமே கிடையாது. பொது அமைப்பு இல்லை, சீசன் இல்லை, கம்பெனிகள் ஒன்றிடம் ஒன்று வீரரை விலைக்கு வாங்கும் வழக்கமும் இல்லை. வீரர் வெளியே வர இரண்டே கதவுகள். ஒப்பந்தக் காலம் முடிய வேண்டும், அல்லது கம்பெனியே அவரை விடுவிக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் நடையைக் கட்டினால் விவகாரம் நீதிமன்றத்தில் போய் நிற்கும்.

பத்திரத்தில் என்ன இருக்கும்?

டபிள்யூடபிள்யூஇ தன் வீரர்களை ஊழியர்கள் என்று சொல்வதில்லை. பத்திரத்தில் அவர்கள் 'சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள்'. பெயர்தான் சுயேச்சை. எங்கே ஆட வேண்டும், எப்போது வர வேண்டும், யாரிடம் தோற்க வேண்டும் என்பதெல்லாம் கம்பெனி சொல்வதுதான். வேறு எங்கும் போய் ஆடவும் கூடாது. ஆனால் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் என்று வரும்போது மட்டும் 'நீங்கள் ஊழியர் இல்லையே' என்று பதில் வரும். ரிங்கில் அடிபட்டால் சிகிச்சைச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். விமான டிக்கெட்டும் கம்பெனியுடையது. ஓட்டல் வாடகையும் வாடகைக் காரும் நெடுங்காலமாக வீரர் கையிலிருந்துதான் போயின. இந்த ஏற்பாடே தவறு என்று ரேவன் உட்பட மூன்று முன்னாள் வீரர்கள் 2008-ல் வழக்குப் போட்டார்கள், அது தள்ளுபடியானது. அதற்கு முன்பே, 1986 வாக்கில், ஜெஸ்ஸி வென்ச்சுரா வீரர்களுக்கென்று ஒரு தொழிற்சங்கம் தொடங்கப் பேசிப் பார்த்தார். விஷயம் முதலாளி வின்ஸ் மெக்மஹனின் காதுக்குப் போய்விட்டது. போட்டுக் கொடுத்தவர் ஹல்க் ஹோகன் என்பது பல வருடம் கழித்து ஒரு வழக்கு விசாரணையில்தான் வென்ச்சுராவுக்கே தெரிந்தது. இன்றுவரை சங்கம் இல்லை.

சம்பளத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் 'டவுன்சைடு கேரண்டி'. எத்தனை மேட்ச் ஆடினாலும் ஆடாவிட்டாலும் வருடத்துக்கு இவ்வளவுக்குக் குறையாமல் கிடைக்கும் என்ற உத்தரவாதம். டி-ஷர்ட், பொம்மை விற்பனையில் வரும் பங்கு தனி. இப்போது சாதாரணமாகிவிட்ட இந்த உத்தரவாதம் 1990களின் நடுப்பகுதி வரை டபிள்யூடபிள்யூஎஃப்பில் வழக்கத்தில் இல்லை. அங்கே டிக்கெட் வசூலைப் பொறுத்துத்தான் கூலி. கூட்டம் வந்தால் காசு, வராவிட்டால் கையைப் பிசைய வேண்டியதுதான். டர்னரின் பணத்தை வைத்துக்கொண்டு டபிள்யூசிடபிள்யூ நிலையான வருடச் சம்பளமும் குறைவான வேலை நாட்களும் தர முன்வந்தபோது வீரர்கள் ஒவ்வொருவராக நகர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

இன்னொரு விதி கேட்டால் எரிச்சல் வரும். ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்ட வீரர் ஐந்து வருடமும் இருந்தே ஆக வேண்டும். கம்பெனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 90 நாள் நோட்டீஸ் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம். லூக் கேலோஸும் கார்ல் ஆண்டர்சனும் 2019-ல் டபிள்யூடபிள்யூஇயுடன் பல வருட ஒப்பந்தம் ஒன்றைப் புதுப்பித்தார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2020 ஏப்ரல் 15 அன்று ஒரே நாளில் பலரோடு சேர்த்து அவர்களையும் நீக்கிவிட்டார்கள்.

தேதி என்னும் ஆயுதம்

அந்த இருவரும் ஜூலை 18 அன்று இம்பாக்ட் கம்பெனியின் நிகழ்ச்சியில் வந்து நின்றார்கள். ஏப்ரல் 15-லிருந்து எண்ணிப் பாருங்கள், 94 நாள். நீக்கப்பட்ட வீரர் 90 நாள் வேறு எங்கும் தோன்றக் கூடாது என்ற நிபந்தனைதான் காரணம். அந்த மூன்று மாதமும் சம்பளம் வரும், ஆனால் வீட்டில்தான் இருக்க வேண்டும். டிவியில் பார்த்த சூடு ஆறிய பிறகு அடுத்த கம்பெனிக்குப் போனால் போகட்டும் என்பது கணக்கு. அதனால்தான் யாரையாவது நீக்கிய செய்தி வந்தால் ரசிகர்கள் உடனே 90 நாளைக் கூட்டிப் பார்த்து, அந்தத் தேதிக்கு அருகில் எதிர்க் கம்பெனியின் பெரிய நிகழ்ச்சி ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறார்கள்.

ஒருமுறை இந்தக் கணக்கு டபிள்யூடபிள்யூஇயின் கையையே சுட்டது. அதன் இளையவர் பிரிவான என்எக்ஸ்டியில் இந்த நிபந்தனை 30 நாள்தான். அலிஸ்டர் பிளாக் அங்கிருந்து மேல் பிரிவுக்கு உயர்ந்தபோது பத்திரத்தில் அந்த எண்ணை மாற்ற மறந்துவிட்டார்கள். 2021 ஜூன் 2-ல் நீக்கப்பட்டவர், ஜூலை 7-லேயே மலகாய் பிளாக் என்ற பெயரில் ஏஇடபிள்யூவில் விளக்கு அணைந்து எரிந்ததும் நின்றுகொண்டிருந்தார். செப்டம்பர் வரை யாரும் அவரை எதிர்பார்க்கவில்லை.

ஒப்பந்தம் தானாகக் காலாவதியானால் இந்தக் காத்திருப்பு இல்லை, மறுநாளே போகலாம். இதை உலகத்துக்குக் காட்டியவர் லெக்ஸ் லூகர். 1995 செப்டம்பர் 4, நைட்ரோவின் முதல் நிகழ்ச்சி, மின்னசோட்டாவில் ஒரு பெரிய வணிக வளாகத்தின் நடுவில் ரிங் போட்டு நடக்கிறது. மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போது லூகர் சாவகாசமாக நடந்து வருகிறார். முந்தைய நாள் இரவுதான் கனடாவில் டபிள்யூடபிள்யூஎஃப்புக்காக ஆடியிருந்தார்! எழுத்துபூர்வமான ஒப்பந்தம் முடிந்துபோய், வாய்ப்பேச்சில் தொடர்ந்துகொண்டிருந்தார். டபிள்யூடபிள்யூஎஃப்பில் யாருக்கும் சொல்லவில்லை. ஒப்பந்த முடிவுத் தேதியைக் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பெரிய கம்பெனி அன்றைக்குக் கற்றுக்கொண்டது.

முழுதாகக் கற்றுக்கொண்டது என்றும் சொல்ல முடியாது. 1997 நவம்பர் 17 அன்று ரிக் ரூட் ஒரே இரவில் இரண்டு சேனலிலும் தெரிந்தார். ரா அன்றைக்கு நேரலை இல்லை, ஆறு நாள் முன்பே எடுத்தது. நைட்ரோ நேரலை. ராவில் தாடியோடு, நைட்ரோவில் மீசை மட்டும். நிரந்தர ஒப்பந்தம் இல்லாமல் வந்த நாளுக்குக் கூலி என்ற ஏற்பாட்டில் இருந்ததால் அவரைத் தடுக்க யாருக்கும் வழி இல்லை.

இதற்கு நேர் எதிர், நேரத்தை உறைய வைப்பது. காயத்தாலோ கோபத்தாலோ வீரர் ஆடாமல் இருந்தால், அந்த நாட்களை ஒப்பந்தத்தின் கடைசியில் ஒட்டவைக்கும் விதி பல பத்திரங்களில் உண்டு. நெவில் 2017 அக்டோபரில் டபிள்யூடபிள்யூஇயை விட்டு நடந்துவிட்டார். கம்பெனி அவரை விடவும் இல்லை, நாட்களை எண்ணவும் இல்லை. 2018 ஆகஸ்ட் வரை அவர் எங்குமே ஆட முடியவில்லை. பிராக் லெஸ்னரின் கதை இன்னும் கடுமை. 2004-ல் அமெரிக்கக் கால்பந்து ஆடப் போகிறேன் என்று விடுதலை கேட்டபோது, 2010 வரை வேறு எங்கும் ரெஸ்லிங் செய்வதில்லை என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு வெளியே வந்தார். கால்பந்தில் இடம் கிடைக்கவில்லை. கைத்தொழில் ஒன்றே ஒன்று, அதற்கு ஆறு வருடம் பூட்டு. 2005-ல் வழக்குத் தொடுத்தார், ஜப்பானில் ஆடத் தொடங்கினார், 2006-ல் சமரசம் ஆனது. உலகம் முழுக்க ஆறு வருடம் ஒருவரைச் சும்மா உட்கார வைக்கும் நிபந்தனையை நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை. சமரசம் வந்ததில் வியப்பில்லை.

பெயர் யாருடையது?

கம்பெனி கொடுத்த பெயர் கம்பெனிக்கே சொந்தம், வணிக முத்திரையாகப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். டீன் ஆம்ப்ரோஸ் 2019-ல் ஏஇடபிள்யூவுக்குப் போனபோது பழைய பெயரான ஜான் மாக்ஸ்லிக்குத் திரும்பினார். எட்ஜ், ஆடம் கோப்லாண்ட் ஆனார். கோடி ரோட்ஸின் நிலைதான் விசித்திரம். 'ரோட்ஸ்' அவருடைய அப்பா டஸ்டி ரோட்ஸ் புகழாக்கிய பெயர், ஆனாலும் பதிவு டபிள்யூடபிள்யூஇ கையில் இருந்தது. ஏஇடபிள்யூவின் முதல் காலத்தில் திரையில் அவர் வெறும் 'கோடி'.

ஸ்காட் ஹாலும் கெவின் நாஷும் 1996-ல் டபிள்யூசிடபிள்யூ போனபோது பிரச்சினை வேறு மாதிரி வந்தது. ரேசர் ரமோன், டீசல் என்ற பெயர்களை விட்டுவிட்டுத்தான் போனார்கள். ஆனால் மே 27 அன்று ஹால் கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து வந்து மைக்கைப் பிடித்தபோது அதே பேச்சு, அதே நடை. பழைய கம்பெனி அனுப்பிய படையெடுப்பு போலவே காட்டினார்கள். பெயரைச் சொல்லாவிட்டாலும் பாத்திரத்தைத் திருடிவிட்டார்கள் என்று டபிள்யூடபிள்யூஎஃப் வழக்குப் போட்டது. வழக்கு ஒரு பக்கம் நடக்க, சீரியலில் 'இவருக்குப் பதில் இவர்' என்று போடுவதுபோல, வேறு இரண்டு பேருக்கு ரேசர் ரமோன், டீசல் வேடம் போட்டு மேடையேற்றியது. ரசிகர்கள் சிரித்தார்கள். அந்த நகல் டீசல் கிளென் ஜேக்கப்ஸ் என்பது மட்டும் நல்ல செய்தி. அடுத்த வருடமே அவர் 'கேன்' என்ற பெயரில் பெரிய நட்சத்திரம் ஆனார்.

பெல்ட்டோடு போனால்?

காகிதமும் கதையும் மோசமாக உரசுவது இங்கேதான். சாம்பியனாக இருப்பவர் கம்பெனி மாறப் போகிறார் என்றால், போவதற்கு முன் யாரிடமாவது தோற்க வேண்டும். இது சட்டம் இல்லை, தொழில் மரியாதை. இருக்கிறவர்களை உயர்த்திவிட்டுப் போவது. நியூ ஜப்பானில் ஒப்பந்தங்கள் பொதுவாக ஜனவரி கடைசியில் முடியும் என்பதால் அங்கே இது ஒழுங்காகவே நடக்கிறது. 2016 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் ஏஜே ஸ்டைல்ஸ் தோற்றார். மறுநாளே அவருடைய குழு அவரை அடித்து வெளியே தள்ள, கென்னி ஒமேகா தலைவரானார். ஜனவரி 24-ல் ஸ்டைல்ஸ் டபிள்யூடபிள்யூஇ ரிங்கில் இருந்தார். சுத்தமான வேலை.

மரியாதை மீறினால்? 1991-ல் ரிக் ஃபிளேர் டபிள்யூசிடபிள்யூ தலைமையோடு சண்டை போட்டு வெளியேறியபோது சாம்பியனின் தங்கப் பெல்ட்டையும் எடுத்துக்கொண்டு எதிர்க் கம்பெனியின் டிவியில் காட்டினார். பெல்ட்டுக்கு 25,000 டாலர் வைப்புத்தொகை கட்டியிருக்கிறேன், திருப்பித் தந்தால் தருகிறேன் என்பது அவர் வாதம். 1995 டிசம்பரில் மதுசா இன்னும் ஒரு படி போனார். டபிள்யூடபிள்யூஎஃப்பில் அலுண்ட்ரா பிளேஸ் என்ற பெயரில் மகளிர் சாம்பியனாக இருந்தபோதே அவரை நீக்கிவிட்டார்கள், பெல்ட்டைத் திருப்பி வாங்கவில்லை. அதைக் கொண்டுபோய் நைட்ரோ நேரலையில் குப்பைத் தொட்டியில் போட்டார்.

அந்தக் குப்பைத் தொட்டியின் பயம்தான் இரண்டு வருடம் கழித்து மான்ட்ரியலில் வெடித்தது. பிரெட் ஹார்ட்டை டபிள்யூசிடபிள்யூ பெரும் சம்பளத்துக்கு அழைத்தபோது, 1996-ல் மெக்மஹன் அவருக்கு 20 வருட ஒப்பந்தம் கொடுத்துத் தக்கவைத்தார். ஒரே வருடத்தில், இந்தச் சம்பளத்தை என்னால் தாங்க முடியாது, நீ அங்கேயே போய்ப் பேசிக்கொள் என்று அவரே சொன்னார். ஹார்ட் கையெழுத்துப் போட்டுவிட்டார், டிசம்பரில் போக வேண்டும். கையில் உலகச் சாம்பியன் பெல்ட். நவம்பர் 9-ல் மான்ட்ரியலில் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்கச் சொன்னார்கள். சொந்த நாடான கனடாவில், தனக்குப் பிடிக்காத மைக்கேல்ஸிடம் தோற்க மாட்டேன், வேறு நாளில் வேறு ஊரில் தருகிறேன் என்றார் ஹார்ட்.

இது வெறும் பிடிவாதம் இல்லை. கடைசி முப்பது நாளும் தன் பாத்திரத்துக்கு என்ன நடக்க வேண்டும் என்பதில் நியாயமான அளவுக்கு அவருக்கும் உரிமை உண்டு என்று பத்திரத்திலேயே இருந்தது. மெக்மஹன் சரி சரி என்று தலையாட்டினார். மேட்ச் நடந்தது. ஹார்ட்டின் பிடியையே மைக்கேல்ஸ் ஹார்ட்டுக்குப் போட்டார். ஹார்ட் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை, அதற்கு அடையாளமாகக் கையைத் தட்டவும் இல்லை. ரிங்கோரம் நின்ற மெக்மஹன் மணியை அடிக்கச் சொன்னார், நடுவர் ஏர்ல் ஹெப்னர் விறுவிறுவென்று இறங்கி ஓடினார், முடிந்தது. ஹார்ட் அங்கேயே மெக்மஹன் முகத்தில் துப்பினார். உடை மாற்றும் அறையில் விழுந்த குத்து கதையில் இல்லாதது. எனக்குக் கேட்டால் இருவருக்குமே காரணம் இருந்தது. ஆனால் எழுதிக் கொடுத்த உரிமையை ஏமாற்றி வாங்கியவர் மெக்மஹன்தான்.

2000 ஏப்ரலில் நடந்தது இதைவிட வேடிக்கை. இசிடபிள்யூ சாம்பியன் மைக் ஆசம், சம்பளம் சரியாக வரவில்லை என்று சொல்லிப் பெல்ட் இன்னும் தன்னிடம் இருக்கும்போதே டபிள்யூசிடபிள்யூவில் சேர்ந்து, ஏப்ரல் 10 நைட்ரோவில் தோன்றினார். வக்கீல்கள் பேசி, ஒரு ஏற்பாடு வந்தது. மூன்று நாள் கழித்து அவர் இண்டியானாபொலிஸில் இசிடபிள்யூ நிகழ்ச்சிக்கு வந்து, டாஸ் என்பவரிடம் தோற்றார். டாஸ் அப்போது யார்? டபிள்யூடபிள்யூஎஃப்பில் ஒப்பந்தம் ஆனவர், இந்த வேலைக்காகவே இரவல் வாங்கப்பட்டவர். அதாவது, இசிடபிள்யூவின் பெல்ட்டை டபிள்யூசிடபிள்யூ வீரரிடமிருந்து டபிள்யூடபிள்யூஎஃப் வீரர் பறித்தார். மூன்று எதிரிகளின் பத்திரங்களும் ஒரே ரிங்கில்.

டிவியில் ஒப்பந்தம் பற்றிப் பேசினால் நம்பலாமா?

பாதிதான். கம்பெனிகள் நிஜத் தேதிகளையே கதையாக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. 2011-ல் டபிள்யூடபிள்யூஇ வீரர் சிஎம் பங்க்கின் ஒப்பந்தம் உண்மையிலேயே முடியவிருந்தது. அதை வைத்தே, ஜூலை 17-ல் சாம்பியன் ஜான் சீனாவை வென்று பெல்ட்டோடு கம்பெனியை விட்டே போகப் போகிறேன் என்று கதை பின்னினார்கள். சிகாகோவில் அவர் ஜெயித்து, பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். திரைக்குப் பின்னால் புது ஒப்பந்தம் தயாராகியிருந்தது. திரையில் யாராவது 'என் காண்ட்ராக்ட் முடிகிறது' என்று கத்தினால் கொஞ்சம் பொறுத்திருங்கள். உண்மையிலேயே போகிறவர்கள் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் போகிறார்கள். 2022 பிப்ரவரியில் கோடி ரோட்ஸ் ஏஇடபிள்யூவை விட்டார் என்ற செய்தியும் ஒரு அறிக்கையாகத்தான் வந்தது. ஏப்ரல் 2 அன்று டபிள்யூடபிள்யூஇயின் பெரிய நிகழ்ச்சியான ரெஸ்ல்மேனியாவில் அவர் பழைய நுழைவுப் பாட்டோடு, முழுப் பெயரோடு மேலே எழும்பி வந்தார்.

கம்பெனியே மூடிவிட்டால் ஒப்பந்தம் என்னவாகும்? 2001-ல் டபிள்யூசிடபிள்யூ விற்கப்பட்டபோது பெரிய நட்சத்திரங்கள் பலரின் பத்திரங்கள் தாய் நிறுவனமான ஏஓஎல் டைம் வார்னரோடு இருந்தன. வாங்கியவர் அந்தச் சம்பளச் சுமையை ஏற்கவில்லை. கோல்ட்பர்க், நாஷ், ஸ்டிங் போன்றவர்கள் வீட்டில் இருந்தபடியே காசோலை வாங்கினார்கள். டைமண்ட் டல்லாஸ் பேஜ் போன்ற சிலர் மட்டும் மீதித் தொகையில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு உடனே வேலைக்குப் போனார்கள். ரசிகர்கள் வருடக்கணக்கில் கனவு கண்ட இரு கம்பெனி மோதல் திரைக்கு வந்தபோது சப்பென்று இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்: மோத வேண்டியவர்கள் வரவேயில்லை.

இப்போது கதவுகள் கொஞ்சம் தளர்ந்திருக்கின்றன. ஏஇடபிள்யூவும் நியூ ஜப்பானும் 2022 ஜூனில் கூட்டாக நிகழ்ச்சி நடத்தின. டபிள்யூடபிள்யூஇ 2025 ஜனவரியில் டிஎன்ஏவோடு (முன்பு சொன்ன இம்பாக்ட் கம்பெனிதான் இது) பல வருடக் கூட்டு அறிவித்தது. ஒப்பந்தத்தை மாற்றாமலேயே வீரர்கள் இரண்டு பக்கமும் ஆடலாம். அந்த வருடம் மே மாதம், என்எக்ஸ்டியில் கையெழுத்திட்டிருந்த ட்ரிக் வில்லியம்ஸ் டிஎன்ஏவின் உலகச் சாம்பியன் ஆனார். ஏஇடபிள்யூவுக்கும் டபிள்யூடபிள்யூஇக்கும் இடையில் மட்டும் அப்படி ஒரு கதவு இன்னும் திறக்கவில்லை. அங்கே தேதி முடிய வேண்டும், இல்லையென்றால் 90 நாள் எண்ண வேண்டும்.